மலையின் குணமா, மெஷினின் குணமா? சிமியுலேஷன் பிழைகளை அறிகுறி பார்த்துத் தேடும் வழி

பேராதனையிலோ பதுளையிலோ கடைசி வருட ஆய்வுக்கு ஒரு மொடல் எழுதி, அது ஓடவும் ஓடி, வந்த விடையை நம்புவதா வேண்டாமா என்று விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புரோகிராம் பாதியில் நின்றால் அது சின்னப் பிரச்சினை. எந்த வரியில் கோளாறு என்று சிவப்பு எழுத்தில் அதுவே சொல்லிவிடும். புரோகிராம் கடைசிவரை ஓடி, அழகான வரைபும் தந்து, அந்த வரைபு பொய்யாக இருந்தால்தான் வில்லங்கம்.

உதாரணத்துக்கு இரண்டு மொடல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, தேயிலை மலையொன்றில் கொப்புள நோய் பரவுவது. தோட்டத்தில் பிளிஸ்டர் என்பார்களே, அதேதான். எக்சோபசீடியம் வெக்சன்ஸ் என்ற பூஞ்சையால் வருவது, 1946இல் இலங்கையில் தலைகாட்டியது. குளிரும் ஈரமும் இருந்தால் இளங்கொழுந்தைப் பிடிக்கும், வித்திகள் காற்றில் போகும். மொடலில் ஒவ்வொரு செடியும் ஒரு கட்டம். இரண்டாவது மொடலில், சரிவில் பெய்யும் மழை ஓடையாகி ஆற்றுக்குப் போகிறது. ஒரு பங்கு மண்ணில் ஊறிச் சரிவை இளக்குகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கட்டங்களைப் பார்த்துப்போகும் வரிசை, நேரப் படியின் நீளம், கட்டத்தின் அளவு, எழுமாற்று எண்ணின் விதை (எழுமாற்று எண் வரிசையைத் தொடக்கிவைக்கும் எண்) ஆகியவை மலையில் கிடையாது. நாம் கணினிக்காக வைத்துக்கொண்டவை. இவற்றில் ஒன்றை மாற்றிப் பாருங்கள். விடை தலைகீழானால் அந்த விடை மெஷினுடையது, மலையுடையதல்ல. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு சோதனையை எந்த இடத்தில் எப்படிச் செய்வது என்பதுதான்.

ஒரே மொடல், ஒவ்வொரு தடவையும் வேறு விடை

பெரும்பாலும் இது பிழையே இல்லை. எழுமாற்று எண் உள்ள மொடல் மாறத்தான் செய்யும். விதையை நிலையாக வைத்து இரண்டு தடவை ஓட்டுங்கள். கடைசித் தசமம் வரை ஒன்றாக வந்தால் கவலை வேண்டாம்.

விதையைக் கட்டிய பிறகும் மாறுகிறதா? பைத்தனில் எழுதியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை எழுமாற்று இயந்திரங்கள் உள்ளே இருக்கின்றன என்பதை. பைத்தனின் சொந்த ரண்டம் நூலகத்துக்கு விதை கொடுத்தால், அணிக் கணக்குக்குப் பயன்படும் நம்பை நூலகத்துக்கு அது தெரியாது, இரண்டும் தனித்தனி. அப்புறம், செடிகளின் பெயர்களை ஒரு செட்டில் போட்டு அதன் வழியே சுற்றுகிறீர்களா என்று பாருங்கள். எழுத்துச்சரங்கள் உள்ள செட்டின் வரிசை பைத்தனில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும். பட்டியலாக்கி வரிசைப்படுத்திவிட்டுச் சுற்றினால் தீர்ந்தது. இரண்டும் இல்லையென்றால், பல கோர்களில் ஓடும் கூட்டல். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும். கணினிக்கு 0.1உம் 0.2உம் சேர்ந்தால் 0.30000000000000004 என்பது தெரிந்த கதைதானே. அந்தக் கடைசி இலக்கம் பெரிதாக வளரும் மொடல்களும் உண்டு. 1961இல் எட்வர்ட் லொரென்ஸ் தன் வானிலை மொடலை நடுவிலிருந்து திரும்ப ஓட்ட 0.506127க்குப் பதில் 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஓட்டங்களும் சம்பந்தமில்லாமல் பிரிந்துபோயின. உங்கள் மொடல் அந்த வகை என்றால் தனித்தனி ஓட்டங்களை ஒப்பிடுவதில் பயனில்லை. பல ஓட்டங்களின் பரம்பலைத்தான் ஒப்பிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான அறிகுறி இன்னும் ஆபத்தானது. எட்டுக் கோரில் எட்டு ஓட்டம் போட்டேன், எட்டும் அச்சொட்டாக ஒன்று, மொடல் அவ்வளவு உறுதியானது என்று ஒருவர் சந்தோஷமாக வருவார். லினக்ஸில் ஒரு செயல்முறையைப் பிரதியெடுத்துப் பிரிக்கும்போது நம்பையின் பொது எழுமாற்று நிலையும் சேர்ந்து பிரதியாகும். எட்டுப் பேரும் ஒரே காயை உருட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி விதை கொடுங்கள்.

சரி, விதை கைக்குள் வந்துவிட்டது. இப்போது வேண்டுமென்றே வெவ்வேறு விதையில் நூறு தடவை ஓட்டுகிறீர்கள். நூறின் இடையை எடுத்து "மலையில் 43 வீதம் நோய்" என்று எழுதுமுன் அந்த நூறு விடைகளுக்கும் ஒரு வலையுரு வரையம் போடுங்கள். பரவல் மொடல்களில் அடிக்கடி இரண்டு குவியல் தெரியும்: நோய் ஓரிரு செடியோடு அணைந்துபோன ஓட்டங்கள் ஒரு பக்கம், மலை முழுக்கப் பிடித்த ஓட்டங்கள் மறுபக்கம். நடுவில் வெறுமை. 43 வீதம் என்பது எந்த ஓட்டத்திலும் நடக்காத ஒன்று. இடையும் நியம விலகலும் போட்ட அட்டவணை இந்த இடத்தில் வாசிப்பவரை ஏமாற்றும். அணைந்தது எத்தனை, பரவியது எத்தனை, பரவியதில் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்.

இந்த இரட்டைக் குவியல் மொடலின் பிழை அல்ல. நோய் பிடிக்கக்கூடிய செடிகள் சதுர வலையில் எழுமாறாகக் கலந்திருந்து, நோய் நான்கு அயல் கட்டங்களுக்கு மட்டும் போகும் என்றால், அப்படிப்பட்ட செடிகளின் பங்கு 0.5927ஐத் தாண்டும்போதுதான் எல்லை விட்டு எல்லை போகும் தொடர் உருவாகும். எட்டு அயல் என்றால் அந்த எண் 0.407. கவ்வாத்து வெட்டி இளந்தளிர் விட்டிருக்கும் மலையில் பிளிஸ்டர் பிடிக்கக்கூடிய செடி அதிகம் என்பதால், கவ்வாத்து அட்டவணையைச் சற்று மாற்றியதும் விடை பாய்ந்து மாறினால் பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்தப் பாய்ச்சல் எந்த இடத்தில் வருகிறது என்பது நான்கு அயலா எட்டு அயலா என்ற உங்கள் தெரிவைப் பொறுத்தது. அது மலையின் குணம் அல்ல. இரண்டிலும் ஓட்டிக் காட்டுங்கள்.

எண்கள் பூதமாக வீங்குகின்றன, அல்லது ரம்பப் பல் போல ஆடுகின்றன

நேரப் படியைப் பாதியாக்குங்கள். ஆட்டம் நின்றால் வியாதி தெரிந்துவிட்டது.

மழைவீழ்ச்சித் தரவு மணிக்கொரு தடவை வருகிறது என்பதற்காக நீரோட்டத்தையும் மணிக்கொரு படியாகக் கணக்கிடுவதுதான் நான் அடிக்கடி காணும் காரணம். சரிவில் நீர் செக்கனுக்கு 2 மீற்றர் ஓடுகிறது, கட்டம் 30 மீற்றர் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நீர் 7.2 கிலோமீற்றர் போகும். அதாவது 240 கட்டங்களைத் தாண்டும். ஆனால் மொடல் ஒரு படியில் பக்கத்துக் கட்டத்துக்கு மட்டுமே நீரைக் கொடுக்கத் தெரிந்தது. கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928இல் எழுதிவைத்த நிபந்தனை இதுதான்: ஒரு படியில் தகவல் ஒரு கட்டத்துக்கு மேல் பயணிக்கக் கூடாது. இந்த உதாரணத்தில் படி 15 செக்கனுக்குள் இருக்க வேண்டும். ஆழமற்ற நீர்ச் சமன்பாடு பயன்படுத்தினால் அலையின் வேகத்தையும் கூட்டுங்கள். ஒரு மீற்றர் ஆழத்தில் அது செக்கனுக்கு 3.1 மீற்றர், ஆகவே படி 6 செக்கனுக்குள் இறங்கிவிடும். மழையை மணிக்கணக்கில் வாசியுங்கள், நீரைச் செக்கன் கணக்கில் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே கடிகாரம் தேவையில்லை.

நீரின் ஆழம் மறை எண்ணாக வருவதும் இதே குடும்பம்தான். கட்டம் தன்னிடம் இருப்பதைவிட அதிகம் கொடுத்துவிட்டது. மறை எண் வந்தால் பூச்சியமாக்கு என்று ஒரு வரி சேர்த்து மூடிவிடாதீர்கள். அந்த வரி ஒவ்வொரு தடவையும் இல்லாத நீரைப் புதிதாகப் படைக்கிறது. சதுர கிலோமீற்றருக்கு 100 மில்லிமீற்றர் மழை என்றால் 100,000 கன மீற்றர் நீர். உள்ளே வந்தது, வெளியே போனது, மிச்சம் நிற்பது மூன்றையும் ஓட்டத்தின் முடிவில் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கணக்கு உதைத்தால் அந்த வரியைத் தேடிப் பிடிக்கலாம்.

கேடு தெரியாமல் வரும் வகை ஒன்றும் உண்டு. கொழுந்து பறிக்கும் சுற்று ஏழு நாள், எனவே மொடலின் படியும் ஏழு நாள் என்று ஒருவர் வைக்கிறார். நோய் நாளுக்கு 0.4 (நூற்றுக்கு நாற்பது) என்ற வேகத்தில் வளர்ந்து ஓர் உச்சத்தில் நிற்கும் எளிய சமன்பாடு. வளர்ச்சியையும் படியையும் பெருக்கினால் 2.8. இந்தப் பெருக்கம் 2ஐத் தாண்டினால் விடை மேலும் கீழும் ஆடும். 2.57 அளவைத் தாண்டினால் ஒழுங்கே இல்லாமல் குதிக்கும். ரொபர்ட் மே 1976இல் பிரபலமாக்கிய அதே குழப்பம்தான். வரைபைப் பார்த்தால் அசல் நோய்த் தரவு மாதிரியே இருக்கும். "சிக்கல் அமைப்பின் குழப்ப நடத்தை" என்று ஓர் அத்தியாயமே எழுதிவிடலாம். படியை ஒரு நாளாக்கினால் வழவழப்பான ஒரு வளைகோடு, அவ்வளவுதான். குழப்பம் கிடைத்தது என்று கொண்டாடுமுன் படியைக் குறைத்துப் பார்க்காத ஆய்வை நான் நம்புவதில்லை.

நோய் வைர வடிவில் பரவுகிறது. காற்றே இல்லாமல் கிழக்கே ஓடுகிறது

மலையில் எதுவும் வைர வடிவில் பரவாது. நான்கு அயல் வைத்தால் வைரம், எட்டு அயல் வைத்தால் சதுரம். தூரத்துக்கேற்பக் குறையும் நிகழ்தகவு கொடுத்தால் வட்டத்துக்கு நெருங்கும். காற்றில் போகும் வித்திக்கு அதுதான் பொருத்தமும். நீரோட்டத்தில் இதே நோய் 45 பாகையில் ஓடும் சமாந்தரக் கோடுகளாகத் தெரியும். எட்டுத் திசையில் ஒன்றுக்கு மட்டும் முழு நீரையும் தள்ளும் முறை அப்படித்தான் வரையும். சீரான சரிவுகளில் நீரைப் பல திசைக்குப் பங்கிடும் முறைக்கு மாறுங்கள்.

காற்று இல்லாமல் கிழக்கே ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும், கட்டங்களின் நிலையை வைத்திருக்கும் ஒரே அணியை வாசித்துக்கொண்டே அதிலேயே எழுதுவது. இடமிருந்து வலமாகப் போகும் சுற்று ஒரு செடியை நோயாளியாக்குகிறது. அடுத்த கணம் அதன் வலப்பக்கத்துச் செடிக்கு வரும்போது இடப்பக்கம் நோய் இருக்கிறது என்று அதையும் ஆக்குகிறது. ஒரே நாளில் நோய் வரிசை முழுக்க ஓடிவிடும். சோதிக்க, சுற்றை வலமிருந்து இடமாக்குங்கள். நோய் மேற்கே ஓடினால் வேறு சாட்சி வேண்டாம். பழைய நிலைக்கு ஓர் அணி, புதிய நிலைக்கு ஓர் அணி என்று இரண்டு வையுங்கள்.

ஆனால் இரண்டு அணி வைத்ததும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எல்லாச் செடியும் ஒரே கணத்தில் நிலை மாறுவதும் மலையில் இல்லாத ஒன்றே. காலையில் பிரட்டுக்கு மணியடித்ததும் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பதுபோலப் பூஞ்சை வந்து நிற்பதில்லை. இது எவ்வளவு தூரம் விடையைக் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுலகில் ஒரு பெயர்போன வழக்கே இருக்கிறது. 1992இல் மார்ட்டின் நோவாக்கும் ரொபர்ட் மேயும் ஒரு சதுர வலையில் சுயநலக்காரரும் ஒத்துழைப்பவரும் விளையாடும் ஆட்டத்தை ஓட்டினார்கள். கோலம் போட்டதுபோல மாறிக்கொண்டே இருக்கும் வடிவங்கள் வந்தன, ஒத்துழைப்பும் பிழைத்தது. மறு வருடம் ஹூபர்மனும் கிளான்ஸும் அதே ஆட்டத்தை, எல்லோரும் ஒரே கணத்தில் மாறாமல் ஒவ்வொருவராக மாறும்படி ஓட்டினார்கள். கோலமும் போயிற்று, ஒத்துழைப்பும் அழிந்தது. நோவாக் தரப்பு அதற்கடுத்த வருடம் வேறு பரமான (மொடலுக்கு நாம் கொடுக்கும் எண்கள்) வீச்சுகளில் ஒவ்வொருவராக மாறினாலும் ஒத்துழைப்பு நிலைப்பதைக் காட்டியது. யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு முக்கியமல்ல. ஒரே கணத்தில் மாற்றுவது, எழுமாறான வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றுவது என்று இரண்டு விதத்திலும் ஓட்டுவது ஒரு மாலை நேர வேலை. அதைச் செய்து இரண்டு வரி எழுதிவைத்தால் பரீட்சகர் கேட்கப்போகும் முதல் கேள்விக்குப் பதில் தயார். இத்தகைய மொடல்கள் எழுதும் மென்பொருளான நெட்லோகோவில் எழுதுபவர்கள் கவனிக்க: அங்கே ஆஸ்க் கட்டளை ஏற்கெனவே எழுமாறான வரிசையில் ஒவ்வொருவராகத்தான் நடத்துகிறது. ஒரே கண மாற்றம் வேண்டுமென்றால் நீங்கள்தான் இரண்டு சுற்றாகப் பிரித்து எழுத வேண்டும்.

நெட்லோகோ என்றதும் இன்னொன்று. நோய் மேற்கு எல்லையில் மறைந்து கிழக்கு எல்லையில் முளைக்கிறதா? உலகம் இயல்பாகவே சுற்றி ஒட்டியிருக்கும். அமைப்பில் போய் இரண்டு ஒட்டையும் கழற்றிவிடுங்கள்.

மழைமானி கடலுக்குள் நிற்கிறது

இது நம் நாட்டுக்கே உரிய அறிகுறி. நுவரெலியாவின் மழைமானிகளை வரைபடத்தில் போட்டால் எல்லாம் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில் வரிசையாக நிற்கும். நமக்கு இரண்டு தேசிய ஆள்கூற்று வலைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகலைதான். பழைய வலை அந்த மையத்துக்கு 200,000, 200,000 என்று எண் கொடுக்கிறது. 1999இல் வந்த புதிய வலை 500,000, 500,000 என்கிறது. பழைய எண்ணைப் புதிய வலையாக வாசித்தால் 300 கிலோமீற்றர் மேற்கும் 300 கிலோமீற்றர் தெற்கும் நகர்ந்துவிடும். இவ்வளவு பெரிய பிழை என்பதால் இது கண்ணில் படும், திருத்திவிடலாம்.

கண்ணில் படாதது, கண்டவளை ஆதாரத்தில் (நம் பழைய வரைபடங்கள் இடத்தை அளந்த அடிப்படை) உள்ள அகலாங்கு நெட்டாங்கை ஜிபிஎஸ்ஸின் ஆதாரம் என்று எடுத்துக்கொள்வது. நகர்வு நூறு மீற்றருக்கு மேல். பொலன்னறுவைச் சமவெளியில் அது பெரிய விஷயமில்லை. அட்டன் பக்கம் நூறு மீற்றர் என்றால் ஓடையில் இருந்த மானி மலைமுகட்டுக்கு ஏறிவிடும். ஒவ்வொரு மானிக்கும் உயர வரைபடம் சொல்லும் உயரத்தையும் பதிவேட்டில் உள்ள உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே போக்கில் பிசகினால் ஆதாரம்தான் காரணம். அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறியிருந்தால் மானி ஆர்க்டிக் கடலுக்குப் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆலோசனை தேவையில்லை.

மழைக்கு முந்தி வெள்ளம் வருகிறது

ஆற்றின் அளவீடு ஏறுகிறது, மழை மறுநாள்தான் பெய்கிறது. மொடலின் நீர்த் தாமதத்தை மறை எண்ணாக்கித் திருத்த முயன்ற ஒருவரை எனக்குத் தெரியும்; அவர் இப்போது நல்ல பொறியியலாளர், ஆகவே பெயர் வேண்டாம். காரணம் எளிது. நம் நாட்டில் நாள் மழை காலை 8.30க்கு வாசிக்கப்படுகிறது. 12ஆம் திகதி காலை வாசித்தது, 11ஆம் திகதி 8.30 தொடங்கிப் பெய்த மழை. அதை 12ஆம் திகதி நள்ளிரவிலிருந்து பெய்ததாக மொடலுக்குக் கொடுத்தால் மழை பிந்தித்தான் வரும். மழைத் தொடரை ஒரு நாள் முன்னும் பின்னும் தள்ளி ஆற்றோடு பொருத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தள்ளியதும் பொருத்தம் சட்டென்று ஏறினால் திகதிதான் குற்றவாளி.

செய்மதி மழைத் தரவு என்றால் கிரீனிச் நேரம். நம்மைவிட ஐந்தரை மணி பின்னே. ஒக்டோபர் நவம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கு இடியோடு கொட்டும் மழை, தரவில் காலை 9.30க்குப் பெய்யும். பருவமழை இடைக்காலத்தில் காலையிலேயே தினமும் இடிமழை என்று வரைபு காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இந்த 8.30 எல்லை மண்சரிவு மொடலில் உயிரோடு விளையாடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைப் படிகள் 24 மணி நேர மழை 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற எல்லைகளை வைத்து வருபவை. அதிகாலை 2 மணி தொடங்கிப் பகல் ஒரு மணி வரை 160 மில்லிமீற்றர் கொட்டியது, 8.30க்கு முன்னும் பின்னும் சரிபாதி என்று வையுங்கள். நாள் கணக்கில் 80, 80. இரண்டு நாளும் முதல் படியோடு நின்றுவிடும். உண்மையில் மூன்றாம் படி தாண்டிவிட்டது. மணித் தரவு இருந்தால் நகரும் 24 மணிச் சாளரத்தில் கூட்டுங்கள். நாள் தரவு மட்டுமே இருந்தால், இரண்டு நாள் கூட்டுத்தொகையையும் ஒரு மாறியாகச் சேர்த்து, உங்கள் மொடல் எல்லைகளைப் பிந்தியே காணும் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். இன்னொரு சொல்: உங்கள் மொடலின் சிவப்புக் கட்டங்களை லயத்துக் குழுக்களுக்கு அனுப்பிவைக்காதீர்கள். வெளியேறச் சொல்வது அதற்குரியவர்களின் வேலை.

தோட்டத்துப் பழைய பதிவேடுகளைப் பயன்படுத்தினால் மூன்று விஷயம் பாருங்கள். அங்குலத்திலிருந்து மில்லிமீற்றருக்கு மாறிய வருடத்தில் மழை 25 மடங்கு குதித்திருக்கும். ஞாயிறு பூச்சியம், திங்கள் இரட்டிப்பு என்று வந்தால் ஞாயிறு யாரும் வாசிக்கவில்லை. மஸ்கெலியாவில் ஜூன் மாதம் முழுக்கப் பூச்சியம் என்றால் அது வறட்சியல்ல, வெற்றுப் பக்கம்.

தண்ணீர் பாதி மலையில் தேங்கி நிற்கிறது

உயரத் தரவில் பொய்ப் பள்ளங்கள். 2000 பெப்ரவரியில் விண்ணோடத்தில் இருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு 30 மீற்றர் கட்டம் உடையது. ராடார் என்பதால் அடர்ந்த மரத்தின் உச்சியையும் ஓரளவு நிலம் என்றே எண்ணும். ஓடையின் குறுக்கே ஒரு யூக்கலிப்டஸ் பட்டி நின்றால் மொடலுக்கு அது ஓர் அணை. பள்ளம் நிரப்பும் கருவியை ஓட்டுங்கள், ஆனால் எவ்வளவு நிரப்பியது என்ற வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். பதினைந்து மீற்றர் நிரப்பிய இடம் இருந்தால் அங்கே கையால் ஓடையை வெட்டிவிடுவது மேல். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012இல்தான் இயங்கத் தொடங்கியது. 2000ஆம் வருடத் தரவில் அது கிடையாது, நீங்கள் சேர்க்க வேண்டும். விக்டோரியா, கொத்மலை போன்றவற்றில் தரவு காட்டுவது நீர்மட்டத்தை, அடிநிலத்தை அல்ல.

கட்டத்தைப் பெரிதாக்கினால் சரிவு மட்டமாகும் என்பதையும் மறக்க வேண்டாம். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு 30 மீற்றர் கட்டத்தில் காணாமலே போகும். மொடல் அந்த இடத்தைப் பச்சையாகக் காட்டும். கட்டத்தின் அளவை மாற்றினால் ஆபத்தான பரப்பு மாறுவது இங்கே தவிர்க்க முடியாதது. எந்த அளவில் என்ன தெரியாது என்பதை வரைபடத்தின் மேலேயே எழுதுவதுதான் வழி.

என்ன மாற்றினாலும் ஒன்றும் மாறவில்லை

காற்றின் வேகத்தைப் பத்து மடங்காக்கியும், அதே விதையில் விடை கடைசித் தசமம் வரை அப்படியே இருந்தால், அந்தப் பரமானம் எதோடும் இணைக்கப்படவில்லை. பெயரில் ஒரு எழுத்துப் பிழை, அல்லது சார்பின் உள்ளே பழைய மதிப்பு மறுபடி எழுதப்படுகிறது. ஒவ்வொரு பரமானத்தையும் ஒரு தடவை அபத்தமான மதிப்புக்குத் தள்ளிப் பாருங்கள். அபத்தமான விடை வர வேண்டும்.

அச்சு அசலாகப் பொருந்துகிறது

எல்லா அறிகுறியிலும் இதைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். யாரும் உதவி கேட்டு வராத அறிகுறியும் இதுதான்.

மண்சரிவு மொடலுக்கு 99.6 வீதத் துல்லியம் என்று வைப்போம். பத்தாயிரம் கட்டத்தில் நாற்பதில்தான் சரிவு நடந்திருக்கிறது என்றால், "எங்கேயும் சரியாது" என்று சொல்லும் ஒற்றை வரிப் புரோகிராமும் அதே 99.6 எடுக்கும். சரிந்த நாற்பதில் எத்தனையைப் பிடித்தது, பிடித்ததாகச் சொன்னதில் எத்தனை பொய் என்று கேளுங்கள். ஆற்றோட்டத்துக்கு நாஷ்–சட்கிளிஃப் எண் 0.85 என்று எழுதுவார்கள். இடையைச் சொல்வதோடு ஒப்பிடும் எண் அது. பருவமழையில் பெருகி வரட்சியில் வற்றும் ஆற்றுக்கு, அந்தந்த மாதத்தின் வழமையான அளவைச் சொன்னாலே நல்ல எண் வந்துவிடும். ஆகவே அந்த மாத வழமையோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது இன்னும் சங்கடமானது. மண் ஆழம் அதிகம், நீர் மெதுவாக இறங்கும் என்று ஒரு பரமானக் கூட்டம். மண் ஆழம் குறைவு, நீர் வேகமாக இறங்கும் என்று இன்னொன்று. இரண்டும் ஆற்றின் வாயில் ஒரே வரைபைத் தரலாம். கீத் பெவனும் அன்ட்ரூ பின்லியும் 1992இல் முன்வைத்த முறை இதை ஒத்துக்கொண்டே தொடங்குகிறது: ஒரே ஒரு சரியான கூட்டத்தைத் தேடாமல், தரவுக்கு ஏற்கத்தக்க கூட்டங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு விடையின் வீச்சைச் சொல். ஆற்றோட்டம் மட்டும் வேண்டுமென்றால் எந்தக் கூட்டமும் போதும். ஆனால் நீர் சரிவின் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் மண்சரிவைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தில் இரண்டு கூட்டமும் வேறு வேறு பேசும்.

சோதிக்க நம் மலைநாடே வசதி செய்து வைத்திருக்கிறது. மேற்குச் சரிவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஊவாப் பக்கத்துக்கு டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. நோர்வூட்டில் திருத்திய மொடலை ஒரு எண்ணையும் தொடாமல் பதுளைக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் ஓரளவு நின்றால் அது மலையைப் பற்றி ஏதோ கற்றிருக்கிறது. விழுந்தால் அது நோர்வூட்டின் அந்த வருடங்களை மனப்பாடம் செய்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தைச் சரிவை வைத்தே பரமானங்களைத் திருத்திவிட்டு, "மொடல் மீரியபெத்தையை முன்கூட்டியே சொல்கிறது" என்று சுருக்கத்தில் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். நடந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அது திருப்பிச் சொன்னதற்குக் கைதட்டுகிறோம்.

ஓடி முடிய இரண்டு நாள்

கட்டத்தை 30இலிருந்து 15 மீற்றராக்கினால் கட்டங்கள் நான்கு மடங்கு, நேரப் படியும் பாதியாக வேண்டும், மொத்தம் எட்டு மடங்கு வேலை. முதலில் எந்தச் சார்பு நேரத்தைத் தின்கிறது என்று அளந்து பாருங்கள். நீங்கள் நினைக்கும் இடமாகப் பெரும்பாலும் இருக்காது. செடி செடியாகப் போகும் சுற்றை அணிக் கணக்காக மாற்றினாலே நேரம் பல மடங்கு குறையும். மழைக்காலத்தில் கரண்ட் போவது சகஜம் என்பதால், குறிப்பிட்ட படிகளுக்கு ஒரு தடவை நிலையைச் சேமியுங்கள். சேமிக்கும்போது எழுமாற்று இயந்திரத்தின் நிலையையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடங்கும் ஓட்டம் வேறு ஓட்டம்.

இதில் எதுவும் இல்லை, ஆனாலும் பிழை

மொடலை மூன்றுக்கு மூன்று கட்டமாகச் சுருக்கி, காகிதத்தில் கையால் இரண்டு படி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அதுவும் சரியாக வந்தால் செயல்முறைகளை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்: முதலில் காற்று, பிறகு கவ்வாத்து, பிறகு மழை. எதை நிறுத்தியதும் பிழை மறைகிறதோ அங்கே தேடுங்கள். அப்படியும் பிடிபடாமல் உங்கள் சேரிடமோ சீனியரிடமோ கேட்கப் போகிறீர்கள் என்றால், முழு ஃபோல்டரையும் சிப் பண்ணி அனுப்ப வேண்டாம். பிழை தெரியும் ஆகச் சின்னப் புரோகிராம், அதன் விதை எண், நூலகங்களின் பதிப்பு, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பாதிப் பேருக்கு அந்தப் பக்கத்தை எழுதும்போதே பிழை அகப்பட்டுவிடுகிறது.